நாற்பத்து நான்காவது தளம்

அவளுக்கு நாற்பத்து மூன்று வாடிக்கையாளர்கள். அந்த நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பேக்கப் மேடம்'. பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். தொல்லை தாங்க முடியாமல் வைத்த பெயர்.

இணையதளங்களைக் கட்டிக் காப்பது அவள் தொழில். பல் மருத்துவர், டைல்ஸ் கடைக்காரர், டியூஷன் சென்டர், பூனைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா என்று எல்லோருடைய தளமும் அவள் கையில். யாராவது போன் பண்ணி "மேடம், முகப்புப் படத்தை மாத்தணும்" என்றால், "மாத்தலாம். அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தாச்சா?" என்பாள். டைல்ஸ் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்தபோதும், கல்யாணப் படத்தையெல்லாம் இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள் என்றுதான் வாழ்த்தினாள். பல் மருத்துவர் ஒருமுறை சொன்னார்: "நான் ஜனங்களைப் பார்த்து பல் தேய்ச்சீங்களான்னு கேக்கறதைவிட, இவங்க என்னைப் பார்த்து பேக்கப் எடுத்தீங்களான்னு கேக்கறது ஜாஸ்தி."

ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. இணையதளம் என்றால் இரண்டு பாகம். ஒன்று கோப்புகள். படங்கள், பக்கத்தின் அமைப்பு, எழுத்தின் வடிவம் எல்லாம் அதில். இன்னொன்று டேட்டாபேஸ். எழுதினது, கேட்டது, பதில் சொன்னது எல்லாம் அங்கே. கடை என்று வைத்துக்கொண்டால் பெயர்ப்பலகையும் அலமாரியும் கோப்புகள். அலமாரிக்குள் இருக்கிற சரக்கு டேட்டாபேஸ். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் பிரயோசனம் இல்லை. அவள் தினமும் அதிகாலையில் இரண்டும் தானாக நகலாகும்படி ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். அதோடு விடாமல், வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு தளத்தின் நகலை வேறொரு கணினியில் பிரித்துப் போட்டு உயிர் வருகிறதா என்று பார்ப்பாள். பிரித்துப் பார்க்காத நகல் நகலே இல்லை என்பது அவள் கட்சி. இந்த வெள்ளிக்கிழமைச் சோதனையில் நாற்பத்து மூன்று தளங்களும் முறை வைத்து வந்து போகும்.

நாற்பத்து நான்காவதாக ஒன்று இருந்தது. அது அவள் வீட்டுக்காரருடையது.

வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. வீட்டில் அவர் பேச்சு ரொம்ப அளவு. "டீ இருக்கா", "கதவைப் பூட்டினியா", "சரி", இந்த மூன்றை வைத்தே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். ஏழு வருஷத்துக்கு முன்னால், விளம்பரத்துக்கு இருக்கட்டும் என்று அவள்தான் அவருக்கு ஒரு தளம் போட்டுக் கொடுத்தாள். அப்போது அதில் நாலே பக்கம். பெயர், போன் நம்பர், இரண்டு மெஷின் படம். டேட்டாபேஸ் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கோப்புகளை மட்டும் நகலெடுக்கும்படி பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். அன்றைக்கு அது சரியான வரிதான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாளில், "ஜனங்க கேள்வி கேட்டா நான் பதில் எழுதற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். அவர் ஒன்று கேட்பதே அபூர்வம். ஒரு மத்தியானத்தில் தளத்தை மாற்றிக் கொடுத்தாள். இப்போது டேட்டாபேஸ் வந்துவிட்டது. வந்ததா, பட்டியலில் அந்தக் கடைசி வரியை மாற்ற வேண்டாமா? மாற்றவில்லை. நம்ம வீட்டு விஷயம்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனவள்தான். அந்த 'நாளைக்கு' நாலு வருஷமாக வரவில்லை. வெள்ளிக்கிழமைச் சோதனையிலும் அவர் தளத்துக்கு முறை கிடையாது. பட்டியல் மட்டும் தினமும் காலையில் 'வெற்றி' என்று ஒரு கடிதம் அனுப்பும். அதுவும் பொய் சொல்லவில்லை பாருங்கள். சொன்ன கோப்புகளை அது ஒழுங்காகத்தான் எடுத்தது.

அந்த நாலு வருஷத்தில் மனுஷர் அறுநூற்றுப் பதினோரு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தார். காலையில் டீ குடிக்கும்போது முந்தின நாள் வந்த நன்றிகளைப் படிப்பார். போகிற வீட்டிலெல்லாம் "சீக்கிரம் முடிங்க, வெளியில போகணும்" என்று கேட்கிற காதுக்கு, "ஐயா, உங்கள் பதிலால் எங்கள் மெஷின் ஓடுகிறது" என்று முகம் தெரியாத ஒருத்தர் எழுதினால் இனிக்காதா? இரண்டாவது தடவையும் படிப்பார். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, தளங்களுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனியின் சர்வர் இயந்திரம் படுத்துவிட்டது. மத்தியானம் கம்பெனி கடிதம் போட்டது. வட்டுகள் பழுது, எங்களிடம் இருந்த பிரதிகளும் அதே இயந்திரத்தில் இருந்தபடியால் மீட்க இயலவில்லை, வருந்துகிறோம். அடப்பாவிகளா, வீட்டையும் வீட்டுச் சாவியையும் ஒரே தீயில் போட்டுவிட்டு வருந்துகிறார்களாம்!

பேக்கப் மேடம் அசரவில்லை. உள்ளூர ஒரு குஷிகூட வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கத்தினதற்கு இன்றைக்கல்லவா அர்த்தம்! வேறொரு கம்பெனியில் இடம் பிடித்தாள். ஒன்றன்பின் ஒன்றாக நகல்களைப் பிரித்துப் போட்டாள். அவளிடம் போன் வேலை பார்ப்பது அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அவள் ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்து, "பல் டாக்டர் வந்தாச்சு அண்ணி, பூனை டாக்டர் வந்தாச்சு அண்ணி" என்று கத்திக்கொண்டே இருந்தாள். டைல்ஸ் கடைக்காரர் போனில், "மேடம், நீங்க நல்லா இருக்கணும்" என்றார். புதன்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்றும் எழுந்து நின்றன.

"இனி நம்ம வீட்டுதுதான்," என்று சொல்லி அவள் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மெஷின் படங்கள் வந்தன. பக்கத்தின் நீல நிறம் வந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு வரி: டேட்டாபேஸுடன் தொடர்பு கொள்ள முடியவில்லை. சரி, அதைப் பிரிக்கலாம் என்று தேடினாள். இல்லை. முந்தின நாள் பொட்டலத்தில் தேடினாள். இல்லை. போன மாசம், போன வருஷம் என்று பின்னாலேயே போனாள். எதிலும் இல்லை. அப்புறம்தான் பட்டியலைத் திறந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். கோப்புகள் மட்டும் என்று இருந்தது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் வீட்டில் பிள்ளை இருந்ததா என்று யாராவது கேட்டார்களா?

அவள் செய்த முதல் காரியம் அவளுக்கே வெட்கம். 'பராமரிப்பு வேலை நடக்கிறது, விரைவில் வருவோம்' என்று ஒரு பலகையை அந்தத் தளத்தில் மாட்டினாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, "என்னோடது இன்னும் வரலையே?" என்றார்.

"வரும். சர்வர் வேலை."

"ஒரு அம்மா டிரம் முழுக்கத் தண்ணியோட நிக்கறாங்க. பாதி பதில்தான் சொல்லியிருக்கேன்."

"வரும்னு சொல்றேன்ல," என்று எரிந்து விழுந்தாள். தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். அவர் "சரி" என்று போய்விட்டார்.

வியாழன் முழுக்கத் தேடினாள். தேடுபொறிகள் எங்காவது பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருக்குமா என்று துழாவினாள். ஒன்பது பதில் கிடைத்தது. அறுநூற்றுப் பதினொன்றில் ஒன்பது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தால் கைக்கு வருவது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் வந்ததும் வராததுமாகப் பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"அண்ணி, அண்ணன் எனக்கு போன் பண்ணிக் கேக்கறாரு. சைட்டு எப்ப வரும்னு. உங்ககிட்ட கேட்டா கடிச்சு வைக்கிறீங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். என்ன அண்ணி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிக்கிற ஜாதி அவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"கம்பெனிக்காரன் மேல போட்டுடலாமா?" என்று மேடம் மெல்லக் கேட்டாள். "அவன் வட்டுதானே கெட்டுது. பொய்யும் இல்லையே."

"போடுங்க. நாப்பத்திமூணு வந்து இது மட்டும் ஏன் வரலைன்னு அவரு கேட்டா? முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துல மறைப்பீங்க? அண்ணன் ஜாஸ்தி பேச மாட்டாரு, ஆனா கணக்கு நல்லாப் போடுவாரு. எனக்கு போன் வந்தா நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணி, இப்பவே சொல்லிட்டேன்."

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்து, மேஜையில் செய்தித்தாளை விரித்து, ஒரு பழைய தண்ணீர் பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் வாயில் யாருடைய தலைமுடியோ கயிறாகச் சுற்றியிருந்தது. அவள் எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உங்க சைட்டு வராது. படம் வரும். நீங்க எழுதினது வராது."

ஸ்குரூ டிரைவர் நின்றது. "எவ்வளவு எழுதினது?"

"எல்லாமே. நாலு வருஷமும்."

அவர் பம்ப்பைப் பார்த்தபடியே, "கம்பெனிக்காரன் தப்பா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷர் நம்பிவிடுவார். தங்கை சொன்ன கணக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை அது.

"அவன் பாதி," என்றாள். "மீதி நான்."

"பல் டாக்டரோடது?"

"வந்துடுச்சு."

"அந்த டைல்ஸ் கடை?"

"வந்துடுச்சு. நாப்பத்திமூணும் வந்துடுச்சு."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, விரல் விரலாக. திரும்பி வந்து துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

முதலில் தளத்துக்கு டேட்டாபேஸ் கிடையாது என்பதில் ஆரம்பித்து, கடைசி வரி, விடுமுறை நாள், வெற்றிக் கடிதம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் எப்படி நடந்துச்சுன்னு சொல்றே. நான் ஏன்னு கேட்டேன்."

நாலு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடவா கிடைக்கவில்லை? கிடைத்தது. இருநூறு கிடைத்தது. பூனை டாக்டரின் தளத்தையே ஐந்து முறை பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வதுதான் கஷ்டம்.

"அவங்களோடது போனா அவங்க என்னை விட்டுப் போயிடுவாங்க," என்றாள். "நீங்க போக மாட்டீங்க."

அவர் துண்டை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

"போக மாட்டேன்தான்," என்றார். "அதுக்காகக் கடைசியில வச்சியா?"

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, எதையும் தூக்கிப் போடவில்லை. பிரித்த பம்ப்பை அப்படியே செய்தித்தாளில் விட்டுவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பினார். கதவு சாத்தின பிறகு அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டி ஆறுதல் அடைந்திருக்கலாம்.

அடுத்து வந்த நாட்களில் "டீ இருக்கா"கூட நின்றுபோயிற்று. அவரே போட்டுக்கொண்டார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் செய்யத்தானே வேண்டும்? அவருடைய மெயில் பெட்டியைத் திறந்தாள். அவர் எதையும் அழிக்காத ஆசாமி. ஒவ்வொரு கேள்வி வந்தபோதும் தளம் அவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தது, கேட்டவரின் முகவரியோடு. அறுநூற்றுப் பதினோரு கேள்வியும் அங்கே இருந்தன. பதில்தான் ஒன்றும் இல்லை. அவர் பதில் எழுதினதும் தளம் அதைக் கேட்டவருக்கு அல்லவா மெயிலில் அனுப்பிவிடும்!

ஒரு கடிதம் எழுதினாள். 'நான் அந்த மெக்கானிக்கின் மனைவி. அவர் உங்களுக்கு எழுதிய பதிலைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. நான் அதைச் செய்யவில்லை. உங்கள் மெயிலில் அது இன்னும் இருந்தால் தயவுசெய்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.' நாத்தனார் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பச்சையா எழுதணுமா அண்ணி? நம்ம தொழிலே இதுதானே?" என்றாள். எழுதணும் என்றாள் மேடம். ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பினால் குப்பை மெயில் என்று தள்ளிவிடுவார்கள் என்பதால், நாளுக்கு ஐம்பதாக அனுப்பினாள்.

வந்தன ஐயா, வந்தன! முதல் பதில் ஒரு பெண்ணிடமிருந்து. மெஷின் ஓடும்போது அறையை விட்டு நடந்து போகிறது என்று கேட்டவள். அதற்கு மனுஷர் எழுதியிருந்தார்: 'உங்கள் மெஷினுக்குக் கால் முளைக்கவில்லை. பின்பக்கம் நாலு போல்ட் இருக்கும். கொண்டுவரும் வழியில் டிரம் ஆடாமலிருக்கப் போட்டது. கடைக்காரர் கழற்ற மறந்துவிட்டார். கழற்றிவிடுங்கள், வீட்டோடு இருக்கும்.' இன்னொருவர் ஒற்றைக் காலுறை மட்டும் காணாமல் போகிறது என்று கேட்டிருந்தார். 'கதவு ரப்பரின் மடிப்பில் பாருங்கள், பிறகு பம்ப்பில் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் மட்டும் மனைவியிடம் கேளுங்கள். முதலில் கேட்டால் வேறு பிரச்சினை வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை.' ஒருத்தர் பதிலை அச்செடுத்து மெஷின் மேலேயே ஒட்டியிருப்பதைப் படம் பிடித்து அனுப்பினார்.

அவள் ஒவ்வொன்றாகப் படித்து, கேள்வியோடு சேர்த்து, தேதி பார்த்துத் தளத்தில் ஏற்றினாள். நாலு வருஷத்தில் இதில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷர் இவ்வளவு பேசுவாரா? இவ்வளவு வேடிக்கையாகவா? அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தவளை நாத்தனார் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மாசக் கடைசியில் இருநூற்று எழுபத்து நாலு பதில்கள் திரும்பியிருந்தன. மீதி முந்நூற்றுச் சொச்சம் போனது போனதுதான். அவள் எதுவும் சொல்லாமல், பதில் இல்லாத கேள்விகளை அச்செடுத்து அவர் டீ குடிக்கிற இடத்தில் வைத்தாள். இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் மேலே இருந்த தாளில் பென்சிலால் நாலு வரி எழுதியிருந்தது. கூடவே ஒரு முணுமுணுப்பு: "அப்ப இதைவிட நல்லா எழுதியிருந்தேன்." வாரக்கணக்கில் பேசாத வாய்க்கு அது ஒரு பெரிய பேச்சு.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து இரண்டு பென் டிரைவை எடுத்து அவள் லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

"பேக்கப் எப்படி எடுக்கறதுன்னு எனக்குக் காட்டு."

"இப்ப தினமும் ரெண்டும் எடுக்கறேங்க. மூணு இடத்துல இருக்கு. பிரிச்சும் பார்த்தாச்சு."

"காட்டு."

சுருக்கென்றது அவளுக்கு. இனி உன் கையை நம்ப மாட்டேன் என்று அர்த்தம், வேறென்ன? வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். காட்டினாள். இது கோப்பு, இது டேட்டாபேஸ், இரண்டும் இருந்தால்தான் தளம். அவர் தன் சர்வீஸ் நோட்டில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். அவரே ஒருமுறை எடுத்தார். இரண்டும் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தார். அப்புறம் அந்தப் பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதைச் சொருகினார்.

"அதுலயும் ஒண்ணா? ஒண்ணு போதுமேங்க."

"இது என்னோடதுக்கு இல்ல. உன்னோடதுக்கு."

"எனக்கு ஏது சைட்டு?"

"இந்த லேப்டாப்பு ஒரு நாள் படுத்துடுச்சுன்னா? நாப்பத்திமூணு பேரோட பாஸ்வேர்டு, நீ எழுதிவச்ச பட்டியல், எல்லாம் இதுலதானே இருக்கு? இதுக்கு யாரு எடுக்கறா?"

ஊர் முழுக்க மேடம் கேட்ட கேள்வியை அவளிடம் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"யாரும் எடுக்கல," என்றாள்.

"தெரியும். போன வாரமே உன் பட்டியலைப் பார்த்தேன்." அவர் நோட்டைப் புரட்டி ஒரு புதுப் பக்கத்தை எடுத்தார். "இனிமே நான் எடுக்கறேன். எது எது எங்கே இருக்குன்னு சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு, ஒண்ணும் விடாதே."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அவர் உட்கார இடம் விட்டாள்.